டார்லினுக்கு அடுத்த பெயர்

"டார்லின்" என்று கூப்பிட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பெயருக்குப் போனார் ஜெபகனி டீச்சர்.

தச்சநல்லூர் முக்கில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளை. ஆறு மாதம் கழித்து ஏழாம் வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். கேட்டது புரியும், பதில்தான் வந்துசேர நேரமாகும். அதனால்தான் வருகைப்பதிவில் அவள் பெயரை டீச்சர் முதலில் கூப்பிடுவது. பதில் வரும்போது வரட்டும்.

முதல் நாள் முப்பத்திரண்டு பெயரும் முடிந்த பிறகுதான் "உள்ளேன் டீச்சர்" வந்தது. அப்புறம் இருபத்தைந்தாவது பெயரில். போன வாரம் பதினாறில். தினமும் அந்த எண்ணைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். முன்பெஞ்சு எட்டி எட்டிப் பார்க்கும்.

இன்றைக்கு வாசலில் தலைமையாசிரியை. காலாண்டுத் தேர்வுக்குள் தேறாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்க்கச் சொல்லிவிடலாம் என்று, போன மாதம் இதே வாசலில் நின்று சொன்னவர்.

மற்ற பிள்ளைகளோ இந்த நேரம் பார்த்து மானத்தை வாங்கினார்கள். ரைஹானத் பென்சில் டப்பாவைத் தவறவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிய பிறகு எழுந்தாள். ஸ்டெபிக்கு இருமல். விஜயஸ்ரீக்கு இரண்டு தடவை கூப்பிட்டால்தான் காது கேட்டது. கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்துதான்.

"ஏ பிள்ளையளா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கிய?"

ஒன்பதாவது பெயரில் ஜன்னலோரத்திலிருந்து டார்லினின் குரல் வந்தது, தெளிவாக. உள்ளேன் டீச்சர்.

"பிள்ள தேறிட்டாளே, ஜெபகனி. இங்கனயே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை போனார்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு பத்தாவது பெயரைக் கூப்பிட்டார். வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் சரவெடிதான். இருமலைக் காணோம். யாருடைய டப்பாவும் விழவில்லை.

டீச்சர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் நாள் முழுப் பட்டியலுக்கும் ஆன மூன்று நிமிடம், இன்று ஒன்பது பெயருக்கே ஆகியிருந்தது.

நிமிர்ந்தார். டார்லினைத் தவிர எல்லா முகங்களும் புத்தகத்துக்குள் இருந்தன.

ஒன்பது என்று குறிக்க எடுத்த பென்சிலை அப்படியே கீழே வைத்தார்.

மறுநாள் "டார்லின்" என்று கூப்பிட்டவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்க மூன்று நிமிடம் பிடித்தது. இரண்டாவது பெயர் அதுவரை காத்திருந்தது.

அன்றைக்கு வகுப்பில் யாருக்கும் இருமல் வரவில்லை.