மிக உறுதியான பாஸ்வேர்ட்

“இனிமே நம்ம கம்பெனிக்குள்ள ஒரு ஆட்டுத் தோல்கூட அநாதையா வராது. ஒவ்வொரு தோலுக்கும் வரலாறு உண்டு!” என்று எம்.டி. ரஷீத் அஹமது சாப் கம்ப்யூட்டரின் தலைமேல் கைவைத்து முழங்கினார். அந்த வரலாற்றுக்கு முன்னால், பாஸ்வேர்ட் கேட்கும் வெள்ளைக் கட்டம் ஒன்று திரையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் இஷ்தியாக் அகமதுவுக்கு முதுகு வேர்த்தது. எதிரே, வெளிநாட்டு ஷூ கம்பெனி அனுப்பிய ஆடிட்டர் பாரதி உட்கார்ந்திருந்தார். எந்தத் தோல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவருக்கு இன்றைக்கே காட்டினால்தான் ஆர்டர். காட்டாவிட்டால் இஷ்தியாக் நாளையிலிருந்து வரவேண்டியதில்லை என்று சாப் காலையிலேயே சொல்லிவிட்டார்.

தினமும் கம்ப்யூட்டரை இஷ்தியாக்தான் திறப்பார். இன்றைக்கு, விருந்தாளி முன்னால், சாப் தானே நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“சொல்லு மியா, பாஸ்வேர்ட் இன்னா?”

“நீங்க கொஞ்சம் நகருங்க சாப், நான் போட்டுடறேன்.”

“ஏன், எனக்கு ஏபிசிடி தெரியாதா? முப்பது வருசமா செக்ல கையெழுத்து போடறவன்யா நான்.”

“அதில்ல சாப். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு டிரெய்னிங்ல சொல்லிட்டாங்க.”

“யாருக்கும்னா வெளியாளுக்கு. கம்ப்யூட்டர் யாருது? கரண்ட் பில் யாரு கட்றது?” என்ற சாப், வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “கவுஸ் பாஷா! மேடத்துக்கும் எனக்கும் டீ. ஒண்ணு வாங்கி ரெண்டு கப்ல ஊத்திக் கொண்டா!”

ஆம்பூரில் வேண்டாத நேரத்திலெல்லாம் போகும் கரண்ட் இப்போது போகாதா என்று இஷ்தியாக் மேலே பார்த்தார். ஃபேன் அவரைப் பார்த்தபடி நிதானமாகச் சுற்றியது.

தோலைத் தடவிப் பார்த்தே ரகம் பிரித்துக்கொண்டிருந்த மனிதரை, ஐம்பது வயதுக்கு மேல் டேட்டாபேஸ் முன்னால் உட்காரவைத்தது சாப்தான். அதில் ஒரு கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த கட்டம் திறக்காது. நிரப்பினால், நிரப்பியது தப்பு என்று சிவப்பில் திட்டும். ஆடு வந்த ஊர் என்ற இடத்தில் அர்ஜென்டினா இருந்தது, ஆற்காட்டுப் பக்கத்துத் திமிரி இல்லை. திமிரியைச் சேர்க்கச் சொல்லி போன் போட்டால், சாஃப்ட்வேர்காரர் “ரொம்ப ஈஸி சார்” என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசுவார்.

போதாக்குறைக்கு மாதாமாதம் புது பாஸ்வேர்ட் வேண்டும். பழையதைப் போட்டால் கண்டுபிடித்துவிடும். மனைவி வஹீதா பெயர், மகள் சானியா பெயர், மாமனார் பெயர் எல்லாம் தீர்ந்துபோன ஒரு மத்தியானம், பேஜாராகிப்போய், கம்பெனி முழுவதும் சாப்புக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரைத் தட்டிவிட்டார். ‘மிக உறுதியானது’ என்று மெஷின் பச்சை எழுத்தில் பாராட்டியது. அது அவரைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

அந்தக் கம்பெனியில் பட்டப்பெயர் இல்லாதவரும் கிடையாது, தன் பட்டப்பெயர் தெரிந்தவரும் கிடையாது. சாப்பின் பெயரைக் கட்டிங் செக்‌ஷனில் சத்தமாகவே சொல்வார்கள். நல்லவேளையாக, எந்த செக்‌ஷனுக்குள் நுழைவதானாலும் அவர் வாசலில் நின்று ஒருமுறை பலமாக இருமுவார், தூசு ஒத்துக்கொள்ளவில்லையாம். இருமல் கேட்டதும் பேச்சு அடங்கிவிடும். ரகசியம் இத்தனை வருடம் பத்திரமாக இருந்தது அந்த இருமலால்தான்.

“மறந்துட்டேன் சாப்” என்றார் இஷ்தியாக்.

“மறந்துட்டியா? ஆர்டர் யாரு, உன் மாமனார் குடுப்பாரா?”

பாரதி திரையை எட்டிப் பார்த்தார். “கவலப்படாதீங்க சார். கீழ ‘ஹிண்ட்’னு இருக்குல்ல, அத அழுத்துங்க. மறந்தவங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் வச்சிருக்காங்க.”

இஷ்தியாக்குக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த மத்தியானம் மெஷின், பாஸ்வேர்டை நினைவுபடுத்த ஒரு குறிப்பும் எழுதச் சொல்லியிருந்தது. எழுதாமல் அடுத்த கட்டத்துக்கு விடவில்லை. எழுதியிருந்தார்.

“வேணாம் சாப், அந்த பட்டன் ரிப்பேரு...”

சாப் அழுத்திவிட்டார். இங்கிலீஷ் எழுத்தில், தமிழ் வார்த்தையில், திரை நடுவே வந்து நின்றது: ‘எம்.டி. பட்டப்பேரு.’

டீ கொண்டுவந்த கவுஸ் பாஷா, பாதி நிரம்பிய இரண்டு கப்பையும் மேஜையில் வைத்துவிட்டு வந்த வேகத்தைவிட ஜாஸ்தி வேகத்தில் திரும்பிப் போனார். பாரதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இஷ்தியாக்கும் கதவைத்தான் பார்த்தார். சாப்பின் நாற்காலி அவர் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

“எவனோ வெளாட்டுக்குப் பண்ணிக்கிறான் சாப். உங்களுக்குப் போயி யாரு பட்டப்பேரு வப்பாங்க? சத்தியமா எனக்குத் தெரியாது.”

“சாயந்திரத்துக்குள்ள நான் ரிப்போர்ட் அனுப்பணும் சார்” என்றார் பாரதி, தரையைப் பார்த்தபடி.

சாப் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒருமுறை பலமாக இருமினார். டீ கப்பை ஓரமாகத் தள்ளிவைத்து, கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“ஒன் பை டூன்றத எழுத்துல போட்டியா மியா, நம்பர்லயா?”