கணக்கில் சேராத பேச்சு

"மாசத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போன்ல பேசியிருக்காங்க. அதுல சிகிச்சைப் பேச்சு பதினெட்டு நிமிஷம். மிச்சமெல்லாம் ஊர்க்கதை."

மேலாளர் ராய்ஸ், தொலைபேசி விவரத்தாளை டெஸ்ஸாவின் மேஜையில் போட்டார்.

அமெரிக்காவில், கென்டக்கி மலைப்பக்கத்துச் சின்ன மருத்துவமனை அது. டெஸ்ஸா பில் பிரிவில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. தன் பெயர் போட்டு அனுப்பும் எதிலும் தப்பு இருந்துவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவள்.

வயதான நோயாளிகள் வீட்டிலிருந்தே பிரஷர் பார்ப்பார்கள். அளவு தானாக இங்கே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு நர்ஸ் வெர்லீன் அவர்களைப் போனில் கூப்பிட்டு மருந்து, உப்பு, தலைசுற்றல் என்று விசாரிப்பாள். அந்த நேரம் மாதத்தில் இருபது நிமிடத்தைத் தொட்டால்தான் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தரும். தொடாவிட்டால் ஒன்றுமில்லை.

"இந்த நாப்பத்தொண்ணாம் நம்பர் நோயாளி மூணு மாசமா இருபதைத் தொடவே இல்ல," என்றார் ராய்ஸ். "பேசவே இல்லன்னா புரியுது. இவ்வளவு பேசியும் தொடலன்னா? என்னன்னு விசாரிச்சு எழுதிக் கொடு. வெறும் அரட்டைன்னு நீ எழுதிட்டா, அடுத்த மாசம் வெர்லீன் இங்க இல்ல."

டெஸ்ஸாவுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வெர்லீன் என்றாலே அவளுக்கு எரிச்சல். தினமும் மேஜைக்கு வந்து குடைவாள்.

"சாப்டியா கண்ணு? ஏன் முகம் வாடிக் கெடக்கு? கார்ல அந்தச் சத்தம் நின்னுச்சா? ஊருக்குப் பேசினியா?"

போன வாரம் ஒரு டப்பாவில் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் பாதி சாப்பிடும்வரை நகரவே இல்லை.

வம்புக்கு அலைகிற பொம்பளை என்று டெஸ்ஸா அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

விவரத்தாளை எடுத்துக்கொண்டு வெர்லீனின் இடத்துக்குப் போனாள்.

"மிஸ் வெர்லீன், இந்த நாப்பத்தொண்ணு..."

வெர்லீன் கண்ணாடியைக் கழற்றினாள். "அவரா? நல்ல மனுஷன். கொஞ்சம் வாயாடி."

"அதுக்காக நீங்க கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"வேற யாரு கேப்பா? அவர் வீட்ல ஒரு நாய் இருக்கு. அதுக்கும் காது மந்தமாம்."

டெஸ்ஸா சிரிக்கவில்லை. "அப்படி என்னதான் பேசுவீங்க?"

"அது அவர் சொந்த விஷயம். நம்பிச் சொன்னதை வெளிய சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாத சட்டமா?" திரையின் ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். "மருந்தைத் தாண்டிப் பேச்சு வேற பக்கம் போனா, இதை அமுக்கி நேரத்தை நிறுத்திடுவேன். அதான் குறைச்சலா இருக்கு."

"ரெண்டே ரெண்டு நிமிஷம்தானே குறையுது? பொத்தானைக் கொஞ்சம் மெதுவா அமுக்கியிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது டெஸ்ஸாவுக்கு உறைத்தது. காது சுட்டது.

வெர்லீன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அந்த ரெண்டு நிமிஷத்துல பிரஷர் இல்லையே கண்ணு. அதுக்கு எதுக்கு அரசாங்கம் காசு தரணும்?" என்றாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அது சரி, நீ சாப்டியா?"

"ஆச்சு," என்று பொய் சொன்னாள் டெஸ்ஸா.

தன் இடத்துக்குத் திரும்பியபோது பட்ட வெட்கம் கோபமாக மாறியிருந்தது. எனக்கே பாடம் எடுக்கிறாளா?

'வேலை நேரத்தில் தேவையற்ற சொந்தப் பேச்சு' என்று அடித்தாள். கீழே தன் பெயரையும் அடித்தாள். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு ஒருத்தரின் வேலைக்கு உலை வைக்கலாமா? நோயாளியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தன்மேல் நாளை யாரும் குறை சொல்ல முடியாது.

பில் பிரிவுக்கு நோயாளியின் பெயரோ தொலைபேசி எண்ணோ தெரியாது. நாற்பத்தொன்று என்று அடித்தால் போதும், கணினியே கூப்பிடும். டெஸ்ஸா அடித்தாள். என்ன கேட்பது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எதிர்முனையில் எடுத்தார்கள். திரையில் நேரம் ஓட ஆரம்பித்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

"என்ன மிஸ் வெர்லீன், இன்னைக்குச் சீக்கிரமே கூப்பிட்டுட்டீங்க?"

டெஸ்ஸா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"மருந்து போட்டாச்சு, பிரஷரும் பாத்தாச்சு. என் கதை கெடக்கட்டும். அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம், படிச்ச புள்ள, பயந்துடுவா." ஒரு இருமல். "நான் நேரா கூப்பிட்டா, ஆபீஸ் நேரத்துல ஏம்ப்பா கூப்பிடறீங்கன்னு சங்கடப்படறா. அதான் உங்களைப் போட்டுத் தொல்லை பண்றேன். அன்னைக்கு அந்தச் சூப்பைப் பாதி சாப்பிட்டான்னு சொன்னீங்களே... இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டாளா எங்க டெஸ்?"

திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

டெஸ்ஸா கையை நீட்டி, சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"இன்னும் இல்லப்பா," என்றாள்.