பாதி வேகம்

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்காய்யா? பாதி வேகத்தைத் தாண்ட மாட்டேங்குதே!" என்று படகுக்காரர் கத்தினார்.

மெக்கானிக்குக்குத் தலை வெடித்தது. ஃபில்டரை மாற்றியாகிவிட்டது, பிளக்கை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்தால் படகு பறக்கிறது. படகுக்காரர் மனைவியோடு கிளம்பினால் ஆமையாக நகர்கிறது. இன்றும் சரியாகவில்லையென்றால் மனிதர் படகுத்துறை முழுக்க மெக்கானிக்கின் பெயரை நாறடித்துவிடுவார். அதனால் இந்த முறை மெக்கானிக்கும் அவர்களோடு ஏறிக்கொண்டார்.

கரையை விட்டு விலகியதும் படகுக்காரர் வேகக் கைப்பிடியை முழுதாகத் தள்ளினார். இன்ஜின் திணறியது.

"என்னண்ணே, இன்னுமா புரியலை?" என்று பின்சீட்டிலிருந்து படகுக்காரரின் மனைவி நக்கலடித்தார்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கண்ணால் தொடர்ந்தார். அது பின்சீட்டுக்கு அடியில் போனது. அங்கே அந்த அம்மாவின் குதிகால் அதை மிதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, காலை எடுங்க."

குதிகால் இன்னும் அழுத்தியது.

"சத்தம் போடாதீங்கண்ணே," என்று அந்த அம்மா கிசுகிசுத்தார். "எனக்கு நீச்சல் தெரியாது. மெதுவாப் போங்கன்னு கெஞ்சினா இவர் சிரிக்கிறார்."

"என்னய்யா, ஏதாவது கண்டுபிடிச்சியா?" என்று முன்னாலிருந்து அதட்டல் வந்தது.

மெக்கானிக் நிமிர்ந்தார். பெயர் நாறப்போவது தெரிந்தேதான் சொன்னார்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். குடும்பத்தோட போனா இந்த இன்ஜின் இவ்வளவுதான் போகும்."