ஓடைக்கரைக் கீரை

"நில்லுங்க கனகவல்லிக்கா! உங்க வீட்டுக்கு மட்டும் மார்க்கெட் கீரையா?"

மோஷி மார்க்கெட்டின் அத்தனை இரைச்சலையும் மீறிக் கேட்டது சியாமளாவின் குரல். பாலக் கீரைக் கட்டுகளைக் கோணியில் திணித்துக்கொண்டிருந்த கனகவல்லி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

சியாமளா காலையில்தான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, நல்ல கீரை வாங்க இங்கே வந்திருந்தாள். போசரி ஓடையோரத்து மண்ணில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கிறது, அங்கே விளையும் கீரையைத் தின்றால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியே கெடும் என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்.

அந்த ஓடைக்கரையில்தான் கனகவல்லி நிலம் குத்தகைக்குப் பிடித்துக் கீரை போடுகிறாள். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த நாளாக, வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அவளிடம்தான் சியாமளா வாங்குகிறாள். தமிழ் பேசுகிறவள் என்று ஒரு நம்பிக்கை.

"என் பையனுக்கு உங்க கீரையைத்தான் பருப்புல கடைஞ்சு ஊட்டறேன். உங்க மண்ணு விஷம்னு தெரிஞ்சதும் நீங்க மட்டும் இங்க வந்து நல்ல கீரையா வாங்கிக்கறீங்க. எங்க குழந்தைங்க எப்படிப் போனா என்னன்னுதானே? மனசாட்சி இருக்கா உனக்கு?"

மரியாதை தானாகவே கழன்றுகொண்டது. கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் மராத்தியில் என்னவென்று விசாரித்தார்.

கனகவல்லி மெல்லச் சொன்னாள்: "இது எங்க வீட்டுக்கு இல்லம்மா. உங்களுக்குத்தான்."

"எங்களுக்கா?"

"காலேஜுலேருந்து வந்து மண்ணு எடுத்துட்டுப் போனாங்க. போன மாசம் திரும்பி வந்து, இனிமே திங்கிற பொருள் எதுவும் இதுல போடாதீங்கன்னாங்க. அன்னிக்கே மொத்தக் கீரையையும் பிடுங்கிக் குழி வெட்டிப் பொதைச்சிட்டேன். அப்போலேருந்து இங்க வாங்கித்தான் கொண்டாறேன்."

சியாமளாவுக்கு முகம் சுண்டிப்போனது. "இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா, மண்ணைக் கெடுத்தது யாருன்னு கேப்பீங்க."

"கேப்பேன்தான்! யாருன்னு சொல்லுங்க, நானே போய்ச் சட்டையைப் பிடிக்கறேன். குழந்தைங்க சோத்துல விஷத்தைக் கலக்கற பாவிங்களைச் சும்மா விடறதா?"

"வேணாம்மா, விடுங்க." கோணியைத் தூக்கப் போனாள் கனகவல்லி.

சியாமளா கோணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாம இங்கேருந்து போக முடியாது."

கனகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓடைக்கு மேல ஒரு முலாம் பூசற கம்பெனி இருக்குது. அங்கேருந்துதான் கழிவுத் தண்ணி வருது. நியாயம் கேக்கலாம்னு போனேன். மேனேஜர்கிட்ட அனுப்பினாங்க. உள்ள போய்ப் பார்த்தா... உங்க வீட்டு போட்டோவுல பார்த்த அதே முகம், உங்க வீட்டுக்காரரு ஹரீஷ் சாரு. நான் வர்ற நேரத்துல அவர் வீட்டுல இருக்க மாட்டாரே, அவருக்கு என்னைத் தெரியலை."

சியாமளாவின் கை கோணியிலிருந்து நழுவியது.

"அவர்... என்ன சொன்னார்?"

"'போம்மா, அந்தக் கீரையை என்ன, என் புள்ளையா திங்கப் போறான்?'னு கேட்டாரும்மா."