சுருட்டையைக் கேட்டு வந்தவர்

"நீங்க வந்த விஷயம் என்னன்னு வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம் சார்!" கோச் மேஜையில் ஓங்கித் தட்டினார். மேலே கிடந்த விசில் உருண்டு கீழே விழுந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பெரிய கால்பந்து கிளப் ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பு அவருக்கு. எந்தச் சின்ன கிளப்பின் வாசலில் அவருடைய கார் வந்து நின்றாலும், அடுத்த மாதம் அங்கே ஒரு நல்ல ஆட்டக்காரன் இருக்க மாட்டான்.

"போன வருஷம் எங்க கோல்கீப்பரைத் தூக்கிட்டுப் போனீங்க. அதுக்கு முந்தின வருஷம் தடுப்பாட்டக்காரனை. இந்த வருஷம் என்ன, கோல் போஸ்ட்டையே பிடுங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"அப்படியில்லை சார், நான் வந்தது…"

"சுருட்டைக்காகத்தான்! எனக்குத் தெரியாதா? அவன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஓசியிலேயே அள்ளிட்டுப் போகலாம்னு மோப்பம் பிடிச்சு வந்துட்டீங்க!"

அணி போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அந்தச் சுருட்டைமுடிக்காரன் அடித்தவை. அவன் போனால் கோச்சும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கிளப் முதலாளி அன்று காலையில்தான் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார். 'சம்பளத்தை ஏத்திக் கொடுத்து அவனைப் பிடிச்சு வைங்க' என்று கோச் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியபோதெல்லாம் காதில் வாங்காத மனிதர் அவர். முதலாளியிடம் காட்ட முடியாத கோபம் கோச்சுக்குள் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. கொட்டுவதற்கு வாகாக இந்தக் கோட்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் கத்தினால் மட்டும் காரியம் ஆகாது. கோச்சின் தாய்மாமன் மாட்டுச் சந்தையில் தரகர். கொடுக்க மனமில்லாத மாட்டுக்கு யாராவது விலை கேட்டு வந்தால், மாமா முடியாது என்று சொல்லவே மாட்டார். "உதைக்கும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்பார். வந்தவர் தாமாகவே நகர்ந்துவிடுவார்.

கோச் குரலைத் தணித்தார்.

"சரி, கூட்டிட்டுப் போங்க. பின்னாடி என்னைத் திட்டக் கூடாது, ஆமா. அவன் சரியான சோம்பேறி. பயிற்சிக்குக் கூப்பிட்டா கொட்டாவி விட்டுக்கிட்டே வருவான்."

மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட மைதானத்தில், சுருட்டை மட்டும் தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. கோச் எழுந்தார். வெயிலில் கண் கூசுவதாகச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார்.

கோட்டுக்காரரின் நெற்றி சுருங்கியது. "நீங்க கண்டிக்கிறதில்லையா?"

"கண்டிச்சா கேக்குற ஜென்மமா அது? நான் கிழக்கேன்னா அவன் மேற்கே போவான். முட்டி வேற போயிடுச்சு. குடி வேற."

"கூட ஆடுறவங்களோட எப்படி?"

"கீரியும் பாம்பும்தான்! ஆட்டம் தோத்தா போதும், டிரஸ்ஸிங் ரூம்ல நாற்காலி பறக்கும்."

"அந்த நேரத்துல நீங்க என்ன செய்வீங்க?"

ஆள் பின்வாங்குகிறார் என்று கோச்சுக்குப் புரிந்தது. இன்னும் ஒரே தள்ளுதான்.

"நானா? கதவைச் சாத்திட்டு வெளியே நின்னு டீ குடிப்பேன். என் பேச்சு அங்க செல்லாக்காசு சார். அவனை அடக்க எனக்கு வக்கில்லைன்னே வெச்சுக்குங்களேன்!"

"ஆனா உங்க அணி வருஷா வருஷம் மேல ஏறிக்கிட்டே இருக்கே? ஆட்ட உத்தியெல்லாம் உங்களோடதுன்னு சொல்றாங்க."

"உத்தியாவது கித்தியாவது! எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். அவன் அடிக்கிறதும் அப்படித்தான். கண்ணை மூடிட்டு உதைப்பான், காத்து கொண்டுபோய் வலைக்குள்ள போடும். இந்தச் சரக்குக்கா இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவு பண்ணி வந்தீங்க?"

கோட்டுக்காரர் எழுந்து, கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"ரொம்ப நன்றி சார். மனசுல இருக்கிறதை இவ்வளவு வெளிப்படையா யாரும் பேச மாட்டாங்க. எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி மிச்சம்."

"நல்லதாப் போச்சு!" நீட்டிய கையைக் கோச் தொடவில்லை. "இனிமே இந்த வாசப்பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க. சுருட்டையை மறந்துடுங்க!"

"சுருட்டையா? அவன் போன வாரமே எங்ககிட்ட கையெழுத்துப் போட்டாச்சே சார். முட்டியைக்கூட எங்க டாக்டர் பார்த்தாச்சு, கல்லு மாதிரி இருக்கு." கோட்டுக்காரர் கதவருகே நின்று திரும்பினார். "எங்க கோச்சை மாத்தப் போறோம்னு தெரிஞ்சதும், 'என்னை ஆளாக்கினவர், அவரையே போடுங்க'ன்னு உங்களுக்காக ஒத்தக்கால்ல நின்னான், அதான், நேர்ல ஒரு வார்த்தை பேசிப் பார்த்துட்டு வேலையைக் கொடுத்துடலாம்னு வந்தேன்."