மெஷின் பாத்துக்கும்

“எட்டு டேப்பையும் மெஷினே எடுக்குது, மெஷினே மாட்டுது, பேக்கப் எழுதி முடிச்சு மெஷினே திருப்பி வைக்குது. தினமும் காலையில அந்த ரூமுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?”

முதலாளி முன்னாலேயே டேப்காரரைக் கேட்டார் மேனேஜர். ஆபீஸ் கம்ப்யூட்டர் கணக்குகளையெல்லாம் தினமும் டேப்பில் நகலெடுத்து வைக்கும் பேக்கப் வேலை அவருடையது; அதனால் ஆபீசில் அவருக்கு அதுதான் பெயர்.

“ஞாயித்துக்கிழமை கூட வர்றீங்களாமே. ஏசி காத்து வாங்கவா?”

முதலாளி சிரித்துவிட்டார். மேனேஜருக்குக் கேட்கவா வேண்டும்? ரெண்டு வருஷத்துக்கு முன் அந்த மெஷினை வாங்கச் சொன்னதும் அவர்தான், தன் கையாலேயே மாட்டியதும் அவர்தான். மேனேஜர் நாற்காலியே அதனால் வந்ததுதான். ஒரு நாள்கூட பேக்கப் தவறியதில்லை என்று மீட்டிங்குக்கு மீட்டிங் பீற்றிக்கொள்வார்.

“ஆள் குறைக்கணும்னா இவரைக் குறைச்சிடலாம் சார். மெஷின் பாத்துக்கும்.”

டேப்காரர் முகம் வெளுத்துவிட்டது. “சார், ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு. வீட்ல அவளுக்கு வைத்தியம் ஓடிட்டிருக்கு. அதுவுமில்லாம, அந்த மெஷின்ல ஒரு விஷயம்...”

“என்ன விஷயம்?” என்றார் முதலாளி.

டேப்காரர் மேனேஜரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“ஒண்ணுமில்லைங்க.”

சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பேக்கப் ஓடவில்லை. ‘டேப் இல்லை’ என்றது திரை. அடுத்த டேப்பைப் போடச் சொல்லி மேனேஜர் கமாண்ட் மேல் கமாண்ட் அடித்தார். மெஷின் அசைந்தால்தானே! கடைசியில் சர்வீஸ்காரர் வந்து மூடியைக் கழற்றினார்.

“லாரியில வர்றப்ப உள்ள டேப் எடுத்து மாட்டுற மெஷின் கை ஆடாம இருக்க இந்தச் சிவப்பு ஸ்க்ரூவைப் போட்டு அனுப்புவாங்க சார். மாட்டும்போது முதல் வேலையா இதைக் கழட்டணும். கழட்டாமலே ஆன் பண்ணியிருக்காங்க. அன்னைக்கே கை ஒடிஞ்சுபோச்சு.”

“அப்ப ரெண்டு வருஷமா ஓடினது?”

“யாரோ தினமும் மூடியைத் திறந்து கையாலயே டேப் மாத்தியிருக்காங்க. பாருங்க, விரல் பட்டுப் பட்டு பெயின்ட்டே போயிருக்கு.”

நேற்று முதலாளி முன்னால் டேப்காரர் எதை விழுங்கினார் என்று மேனேஜருக்கு இப்போது புரிந்தது. வேலை போகிற நேரத்திலும் மனுஷன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. “இதை மாட்டினது நீங்கதானே?”

உண்மையைச் சொல்லிவிடத்தான் மேனேஜர் வாயைத் திறந்தார்.

“நான்தான் சார். அந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழட்டச் சொல்லி டேப்காரர்கிட்ட விட்டிருந்தேன்.”