வேட்டைக்காரனுக்கு ஒரு துப்பாக்கி

மான் வேட்டைப் பருவம் தொடங்கவிருந்தது. "நீ வாங்கிட்டு வரலேன்னா நானே போறேன்" என்று கணவன் வெண்டல் சொல்லிவிட்டதால், துப்பாக்கி இல்லாமல் லோரீன் வீடு திரும்ப முடியாது.

கடைக்காரர் ஆர்வில் இரண்டு துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார்.

"இது புதுசு, வேட்டைக்கு. அது தாத்தா காலத்துது, சுவத்துல மாட்டி அழகு பாக்கத்தான். அதுக்குத் தோட்டா செய்யறதையே நிறுத்திட்டாங்க."

"எங்கேயுமே கிடைக்காதா?"

"மாண்டனா மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது."

"அதையே கொடுங்க."

"ஏம்மா, வெண்டல் வேட்டைக்காரன்! இந்தப் பொம்மைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? வீட்டுல இருந்ததெல்லாம் என்னாச்சு?"

"ஆத்துல போட்டுட்டேன். திருடு போச்சுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"ஏன், மீனும் வேட்டைக்குக் கிளம்புதா?"

அவள் சிரிக்கவில்லை.

"பனிப்புயல்ல மாடெல்லாம் செத்ததுலேருந்து அவர் சரியாவே இல்ல. போன ஞாயித்துக்கிழமை கொட்டகைக்குள்ள துப்பாக்கியும் கையுமா தனியா உக்காந்திருந்தார். கொட்டகைக்குள்ள ஏது மான்?"

ஆர்வில் புதிய துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"தோட்டா இல்லேன்னு தெரிஞ்சா உன்மேல எரிஞ்சு விழுவானேம்மா."

"விழட்டும். எரிஞ்சு விழவாவது அவர் இருக்கணுமில்ல?"